பிரன்சனை 33-வது இடம்வரை விட்டுவைத்தார்களே, கண்ணில் என்ன விழுந்திருந்தது?

இடதுகைக்காரன்:
போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரி, 2018 என்பிஏ டிராஃப்ட் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். படித்ததும் இருந்த கொஞ்சம் தூக்கமும் போய்விட்டது. ஜேலன் பிரன்சன் அந்த வருடம் கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். வுடன் விருது, நெய்ஸ்மித் விருது, ஏபி விருது எல்லாம் அவருக்கே. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் மூன்றே வருடம், அதில் இரண்டு தேசியக் கோப்பை, 2016-லும் 2018-லும். படிப்பையும் அந்த மூன்று வருடத்திலேயே முடித்துவிட்டார். ஆனால் டிராஃப்டில் 33-வது ஆள், டல்லஸ் எடுத்தது. அதாவது முதல் சுற்றில்கூட இல்லை.

அதே வில்லனோவா அணியிலிருந்து மிக்கல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30. அணியை ஓட்டியவர் கடைசி. கார்டுகளை (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்களை) மட்டும் பார்த்தாலும் ட்ரே யங், செக்ஸ்டன், கில்ஜஸ்-அலெக்சாண்டர் முன்னால் போனதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஜெரோம் ராபின்சன் 13? எலி ஒகோபோ 31? ஸ்கவுட் (புது ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடுகிறவர்) என்று சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்று வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? யாராவது விளக்குங்கள், திட்டவும் செய்யலாம்.

கணக்குப்பிள்ளை:
முடிவு தெரிந்த பிறகு வினாத்தாளைத் திருத்துவது சுலபம், இடதுகை அண்ணே. 2018 ஜூனில் போய் உட்கார்ந்து யோசியுங்கள். ஆறடி இரண்டு அங்குலம் என்று எழுதி வைத்திருந்தார்கள், கை நீளமும் பெரிதாக இல்லை, எகிறிக் குதிக்கிற ரகமும் இல்லை. ஆகஸ்ட் வந்தால் 22 வயது. அதே டிராஃப்டில் வந்து டல்லஸில் அவரோடு ஆடிய டான்சிச்சுக்கு அப்போது 19. ஒரு அணி டிராஃப்டில் வாங்குவது இன்றைய ஆட்டத்தை இல்லை, இன்னும் ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஆட்டத்தை. 22 வயதுக்காரன் எவ்வளவு வளர்ந்துவிடப் போகிறான் என்பதுதான் எல்லார் மனதிலும் இருந்த கேள்வி.

இன்னொன்றை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அதற்கு முந்தைய வருடம், 2017-ல், சிறந்த ஆட்டக்காரர் யார்? கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் மேசன். அவரும் குட்டையான கார்டு. நான்கு வருடம் கல்லூரியில் ஆடியவர், மூன்று புள்ளி போடுவதில் புலி. சாக்ரமெண்டோ 34-வதாக எடுத்தது. அவருக்கு என்பிஏவில் நிலையான இடம் கிடைக்கவே இல்லை, கடைசியில் என்பிஏவுக்குக் கீழே இருக்கிற ஜி லீக்கில் 2020-ன் சிறந்த ஆட்டக்காரர் ஆனதுதான் மிச்சம். கண்ணுக்கு முன்னால் மேசன் இருக்கும்போது பிரன்சனை 15-வதாக எடுக்க எந்த மேலாளருக்குத் தைரியம் வரும்? ஒருவர் 34, அடுத்தவர் 33. சந்தை தன் கணக்கில் சரியாகத்தான் இருந்தது.

நள்ளிரவுரசிகை:
நான் புதுசு, தப்பாகக் கேட்டால் மன்னியுங்கள். இரண்டு தடவை கோப்பை வாங்கிய அணியில் முதல் வருடத்திலிருந்தே தொடக்க ஐவரில் ஒருவர் என்று படித்தேன். அப்புறம் "தயார்" என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்? கல்லூரி ஆட்டமும் என்பிஏவும் ஒரே விளையாட்டுதானே?

பெஞ்ச்சில்இருந்தவன்:
அக்கா, பந்தும் வளையமும் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறே. பிரன்சன் ஆடிய காலத்தில் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலம், என்பிஏவில் நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். முழுசாக மூன்றடி தள்ளி. கல்லூரிக்கு 40 நிமிடம், இங்கே 48. அங்கே ஒவ்வொரு முறையும் 30 வினாடிக்குள் போட வேண்டும், இங்கே 24. இதெல்லாம் எண்கள்தான், பழகிவிடும். பழகக் கஷ்டமானது வளையத்துக்கு அடியில் இருக்கிற இடம். என்பிஏவில் தடுக்கிறவர் எதிராளி யாரையும் ஒட்டி நிற்காமல் பெயிண்டில் (வளையத்துக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதியில்) மூன்று வினாடிக்கு மேல் இருந்தால் தப்பு. கல்லூரியில் அந்த விதி கிடையாது, உயரமானவன் அங்கேயே குடித்தனம் நடத்தலாம். அதனால் கல்லூரியில் உள்ளே நுழைவது நெரிசல் பேருந்தில் ஏறுவது மாதிரி. என்பிஏவில் பேருந்து காலியாகத்தான் இருக்கும், ஆனால் கண்டக்டர் ஏழடி, அவர் ஓடியும் வருவார், குதித்தும் வருவார்.

இங்கேதான் நான் இடதுகை பக்கம் சேர்கிறேன். பிரன்சன் வில்லனோவாவில் கற்றது என்ன? கோச் ஜே ரைட் அங்கே எல்லா கார்டுகளையும் இரண்டு காலில் நிற்க வைப்பார். வேகமாக உள்ளே ஓடி, அப்படியே லே-அப்புக்கு (ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்திலேயே போடுகிற ஷாட்) பறக்காமல், இரண்டு காலையும் ஊன்றி டக்கென்று நிற்பது. நின்ற பிறகு ஒரு காலை அச்சாக வைத்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, தோளால் ஒரு பொய், அப்புறம் ஷாட். இல்லையென்றால் வெளியே நிற்கிறவனுக்குப் பாஸ். ஒற்றைக் காலில் எழும்புகிற கார்டு எப்போது பந்தை விடுவான் என்று ஏழடிக்காரனுக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அவன் அதே தாளத்தில் எகிறித் தட்டிவிடுவான். நின்றுவிட்டவனை எப்படித் தட்டுவது? முதலில் எகிறுகிறவன் தோற்றான். பிரன்சன் அந்த மனிதரைக் குதிக்க வைத்துவிட்டு, அவர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் போடுவார்.

இன்னொன்றும் உண்டு. பொதுவாக உயரமானவர்கள் செய்கிற வேலை, வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்புறத்தால் தள்ளித் தள்ளி உள்ளே போவது. வில்லனோவா அதைப் பாயிண்ட் கார்டிடம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற கார்டிடம், கொடுத்தது. கல்லூரியில் எதிரணி பாயிண்ட் கார்டுகள் பாவம், முதுகைக் காட்டி ஒருவன் மேலே சாய்ந்தால் என்ன செய்வது என்றே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உயரம் குறைவு என்று எழுதிய ஸ்கவுட்டுகள் தோள் அகலத்தையும் இடுப்பு பலத்தையும் எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் கல்லூரியில் ஆடும்போது இந்த மாதிரி ஒருமுறை நின்று திரும்பினேன். எங்கள் கோச் "என்னடா பரதநாட்டியமா" என்று கேட்டுப் பெஞ்ச்சில் உட்கார வைத்தார். பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.

இடதுகைக்காரன்:
பெஞ்ச் அண்ணே, இதைத்தான் சொல்ல வந்து வார்த்தை கிடைக்காமல் கோபத்தை மட்டும் எழுதிவிட்டேன்.

வளர்ச்சி இல்லை என்று கணக்கு சொல்கிறார். எண்ணை எடுங்கள். முதல் வருடம் ஆட்டத்துக்கு 9.6 புள்ளி. பந்து பெரும்பாலும் மூத்த கார்டு ரயன் ஆர்சிடியாகோனோ கையில், இவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். 2015-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிவிட்டு வந்த பையன், கல்லூரியில் இரண்டாம் இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு வருடம் ஆடினான், அது எத்தனை பேருக்கு வரும்? இரண்டாம் வருடம் 14.7. அணி தேசியக் கோப்பைக்கு முதல் தரவரிசையில் போய் இரண்டாவது சுற்றிலேயே விஸ்கான்சினிடம் தோற்றது. மூன்றாம் வருடம் 18.9 புள்ளி, மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு 40-க்கு மேல். ஒவ்வொரு வருடமும் ஒரு படி. இதற்குப் பேர்தான் வளர்ச்சி. 19 வயதில் ஒருவன் ஒரே வருடம் ஆடிவிட்டுப் போனால் அவனிடம் இருப்பதை "இன்னும் வளர இடம்" என்கிறார்கள். மூன்று வருடம் நம் கண்ணெதிரே வளர்ந்து காட்டியவனை "வளர்ந்து முடிந்தவன்" என்கிறார்கள். என்ன நியாயம்?

கணக்குப்பிள்ளை:
சரி, அவ்வளவு தயாராக இருந்தவர் என்பிஏவில் முதல் வருடம் எடுத்தது 9.3. இரண்டாம் வருடம் 8.2, அதுவும் தோள்பட்டை அறுவை சிகிச்சையில் முடிந்தது. மூன்றாம் வருடம் 12.6. 2021 பிளேஆஃபில் (சீசன் கடைசியில் நடக்கும் கோப்பைச் சுற்றில்) கிளிப்பர்ஸ் அணியோடு ஏழு ஆட்டம் போனபோது அவருக்குக் கிடைத்த நேரம் தேய்ந்துகொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறதா? எதிரணியில் உயரமான கைகள், தடுப்பாளரை மறிக்க யார் குறுக்கே வந்து நின்றாலும் தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொண்டு நின்றார்கள், இவரால் எதுவும் முடியவில்லை. அன்றைக்கு யாராவது இந்த இழையைத் தொடங்கியிருந்தால் "33 சரியான இடம்தான்" என்று எல்லாரும் தலையாட்டியிருப்பீர்கள், நீங்களும்தான் அண்ணே.

தயார் என்கிற சொல்லையே நான் சந்தேகப்படுகிறேன். 2018-ல் அவர் ஒரு நல்ல மாற்று பாயிண்ட் கார்டாக இருக்கத் தயார். அதற்கு 33 நியாயமான விலை. 2024-ல் 28.7 புள்ளி எடுத்து எம்விபி (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் 5-வது வந்த ஆள் 2018-ல் எங்கேயும் இல்லை. அவரை பிரன்சன் ஆறு வருடம் உழைத்து உண்டாக்கினார்.

பெஞ்ச்சில்இருந்தவன்:
இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கிளிப்பர்ஸ் தொடரைப் பார்த்துவிட்டு நானே "அவ்வளவுதான்" என்று நினைத்தவன்.

ஆனால் அடுத்த வருடத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? 2022 பிளேஆஃப், யூட்டாவோடு முதல் மூன்று ஆட்டத்துக்கு டான்சிச் காயத்தால் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி. மூன்றாவதில் 31. அது ஒரு வருடத்தில் புதிதாக முளைத்த வித்தை இல்லை. வில்லனோவாவில் செய்த அதே நிற்றல், அதே திருப்பல். பந்து கைக்கு வந்தது, அவ்வளவே வித்தியாசம். டான்சிச் மாதிரி ஒருவர் ஒவ்வொரு முறையும் பந்தை வைத்திருக்கும் அணியில் இவர் மூலையில் நின்று மூன்று புள்ளி போடப் பழகினார், அதுவும் வீணாகவில்லை.

ஜெர்சிவாசி:
நியூயார்க் நிக்ஸ் ரசிகன் பேசுகிறேன், எல்லாரும் கொஞ்சம் வழிவிடுங்கள். நீங்கள் அனைவரும் முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 33-வதாகப் போனதுதான் பிரன்சன் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம், எங்களுக்கும்.

எப்படி என்றால், முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் நான்கு வருட ஒப்பந்தம் முடித்ததும் பழைய அணிக்கு ஓர் உரிமை இருக்கும். வெளியே யார் என்ன விலை சொன்னாலும் "அதே விலையை நான் தருகிறேன்" என்று சொல்லித் தடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்று ஆள் மூன்று வருடத்தில் ஒப்பந்தம் முடித்தாலும் அந்த உரிமை உண்டு. ஆனால் டல்லஸ் அவரை நான்கு வருடத்துக்கு மலிவாகக் கட்டிப்போட்டது, மொத்தமே 60 லட்சம் டாலர் சொச்சம். மலிவுதான், ஆனால் நான்கு வருடம் முடிந்ததும் முழுச் சுதந்திரம். யாருக்கும் தடுக்கிற உரிமை இல்லை. இடையில் நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் நான்கு வருடத்துக்கு 5.5 கோடி டாலர் மாதிரி முடிந்திருக்கும். சமயத்தில் போடவில்லை. யூட்டா தொடருக்கு அப்புறம் விலை ஏறிவிட்டது. 2022 ஜூலையில் நிக்ஸ் நான்கு வருடத்துக்கு 10.4 கோடி டாலர் கொடுத்தது, டல்லஸ் பார்த்துக்கொண்டு நின்றது.

இதே ஆள் மூன்று இடம் முன்னால், 30-வதாகப் போயிருந்தால் கதையே வேறு. முதல் சுற்றின் கடைசி இடம், அந்தத் தடுக்கிற உரிமை அணிக்குப் போயிருக்கும்.

(அப்பா ரிக் பிரன்சனை அதற்குச் சற்று முன்பு நிக்ஸ் துணைக் கோச்சாகச் சேர்த்ததையும், நேரத்துக்கு முன்பே பேச்சு நடத்தியதற்காக லீக் எங்கள் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதையும் யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். லாபம் எங்களுக்கே.)

கணக்குப்பிள்ளை:
ஜெர்சிவாசி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, பெயர் வேறு கணக்குப்பிள்ளை.

ஆனால் பாருங்கள், வயது பற்றிய என் வாதம் இதில் தலைகீழாகவும் நிற்கிறது, நேராகவும் நிற்கிறது. 22 வயதில் வந்தால் முதல் ஒப்பந்தம் 26-ல் முடியும், நல்ல வருடங்களில் நமக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று அணிகள் பயந்தன. நடந்தது அதேதான். டல்லஸ் கற்றுக்கொள்கிற வருடங்களுக்குச் சம்பளம் கொடுத்தது, அறுவடையை நியூயார்க் எடுத்துக்கொண்டது. ஆனால் 26-க்கு அப்புறம் அறுவடையே இருக்காது என்று நினைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. ஆள் வளரமாட்டார் என்பது பொய்த்தது, நம் கையில் நிற்கமாட்டார் என்பது பலித்தது.

நள்ளிரவுரசிகை:
எனக்கு இப்போது பாதி புரிகிறது. அப்போ ஃபிராங்க் மேசனும் பிரன்சனும் ஏன் ஒரே மாதிரி ஆகவில்லை? இரண்டு பேருக்கும் ஒரே விருது, கிட்டத்தட்ட ஒரே இடம்.

பெஞ்ச்சில்இருந்தவன்:
நல்ல கேள்வி, ஒற்றைப் பதில் கிடையாது. என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன். மேசன் ஆறடிக்கும் கீழே, அவருடைய ஆயுதம் வேகம். கல்லூரியில் அந்த வேகத்துக்கு ஈடு கிடையாது. என்பிஏவில் எல்லாரும் வேகம், அங்கே போனதும் அது சாதாரணச் சரக்கு. பிரன்சனிடம் வேகமே பெரிதாக இல்லை, ஆகவே இழக்க எதுவும் இல்லை. அவர் முதலிலிருந்தே நிதானத்தை வைத்துப் பிழைத்தவர், நிதானம் எந்த லீக்கிலும் செல்லும்.

இதே பாடம் இன்னும் பழைய ஆளிடமும் இருக்கிறது. ஜிம்மர் ஃப்ரெடெட், பிரிகம் யங் பல்கலைக்கழகம், 2011. ஆட்டத்துக்கு 28.9 புள்ளி, நாடே பைத்தியம் பிடித்துப் பார்த்தது, 10-வதாகப் போனார். எங்கிருந்தும் போடுவார். ஆனால் கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில், பச்சை விளக்கு எப்போதும் எரியும். என்பிஏவில் அந்தப் பந்தை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை, தடுக்கிற பக்கத்தில் அவரைத் தேடித் தேடி அடித்தார்கள். பந்து இல்லாதபோது இவன் என்ன செய்வான் என்று அன்றைக்கு யாரும் சரியாகக் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஃப்ரெட் வான்ஃப்ளீட். விச்சிட்டா ஸ்டேட்டில் நான்கு வருடம், 2016 டிராஃப்டில் பெயரே கூப்பிடவில்லை. 2019-ல் டொராண்டோவோடு கோப்பை. ஆகவே அண்ணன்மார்களே, வயசான குட்டைக் கார்டு எல்லாம் தேறுவார் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திறமை கூடவே மேலே ஏறி வரும், எது கீழேயே நின்றுவிடும் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இடதுகைக்காரன்:
இன்றைய கல்லூரிக் கார்டு ஒருவரைப் பார்க்கும்போது நான் இப்போது புள்ளிக் கணக்கைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இரண்டு தடுப்பாளர்கள் சேர்ந்து அடைக்கும்போது பந்து தட்டுவதை நிறுத்திவிட்டுப் பதறுகிறாரா, நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறாரா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி தப்பு செய்தால் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட். கல்லூரியில் மூன்று புள்ளி ஷாட்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒரு நல்ல மாதம் நம்மை ஏமாற்றிவிடும். ஃப்ரீ த்ரோ அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. பயிற்சி முகாமில் எத்தனை அங்குலம் குதித்தார் என்பதை நான் படிப்பதே இல்லை, படித்தால் மனசு மாறிவிடுகிறது.

ஒரே ஆட்டத்தை வைத்தும் ஏமாறக்கூடாது. 2018 இறுதிப் போட்டியில் மிச்சிகனை 79-62 என்று ஜெயித்தபோது பிரன்சன் எடுத்தது 9 புள்ளிதான். பெஞ்ச்சிலிருந்து வந்த டிவின்சென்சோ 31. அந்த ஒரு ராத்திரி டிவின்சென்சோவை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் யார் 17, யார் 33 என்று இப்போது கேட்டால் ஒரு குழந்தையும் சிரிக்கும்.

ஜெர்சிவாசி:
டிவின்சென்சோவைக் குறை சொன்னால் இழையை மூட வைப்பேன். 2023-24-ல் பிரன்சன், அவரோடு வில்லனோவாவில் ஆடிய ஜாஷ் ஹார்ட், டிவின்சென்சோ மூவரும் எங்கள் ஊரில் ஒன்றாக ஆடிய வருடம் மாதிரி இன்னொன்று வராது. பிரிட்ஜஸ் வந்து சேர்ந்தார், அடுத்த சில மாதத்தில் டிவின்சென்சோவை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு பேரையும் ஒன்றாக ஒரு சீசன் முழுக்கப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒரு விஷயம் மட்டும் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகிறேன். 2018-ல் மூன்றாம் வருடம் முடிந்த பிரன்சனுக்கு நான்காம் வருடம் தங்க எந்தக் காரணமும் இல்லை, கல்லூரியில் ஒரு காசு வராது, பட்டமும் வாங்கியாயிற்று. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். இப்போது 33-வதாகப் போவார் என்று சொல்லப்படும் கார்டு, இரண்டாம் சுற்றுச் சம்பளத்தைவிட அதிகப் பணத்தைக் கல்லூரியிலேயே பார்க்க வாய்ப்புண்டு. அவன் போக வேண்டிய அவசரமே இல்லை. 22 வயது என்றாலே முகம் சுளித்த அணிகளுக்கு இனி 22, 23 வயதுக்காரர்கள்தான் நிறைய வருவார்கள். பழகிக்கொள்ளட்டும்.

நள்ளிரவுரசிகை:
எல்லாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு எட்டாம் வகுப்பு படிக்கும் என் பையனிடம் அந்த இரண்டு கால் நிற்றலைச் சொன்னேன். நேற்றுப் பள்ளி ஆட்டத்தில் செய்திருக்கிறான். நின்றான், திரும்பினான், ஏமாற்றினான், எல்லாம் சரி. நடுவர் டிராவல் (பந்தோடு தப்பாகக் காலை நகர்த்தியது) என்று விசில் ஊதிவிட்டார். நான் சொன்னதால்தான் என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பெஞ்ச்சில்இருந்தவன்:
அக்கா, அவன் முதலில் ஒரு காலை ஊன்றி அப்புறம் மறுகாலை ஊன்றியிருப்பான். அப்படி ஊன்றினால் முதல் கால்தான் அச்சு, அதைத் தூக்கிவைத்துத் திரும்பினால் டிராவல். இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இறங்க வேண்டும், அப்போதுதான் எந்தக் காலை வேண்டுமானாலும் அச்சாக வைக்கலாம். பந்தில்லாமல் தினமும் ஐம்பது தடவை, சுவரைப் பார்த்து. கோச் பரதநாட்டியமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.